வைஃபை வராத அறையும் வீணாய்ப் போன ஐந்து மாதங்களும்

மாலை நேரத்தில் இணைய வழியாகக் கணக்குப் பாடம் எடுப்பது என் வேலை. வீட்டின் கடைசி அறைதான் என் வகுப்பறை. கதவைச் சாத்தினால் கூடத்துச் சத்தம் கேட்காது என்பதற்காகவே அந்த அறையைப் பிடித்துக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒரு பையன், "சார், உங்க வாய் மட்டும் அசையுது" என்றான். மறுநாள் இன்னொரு பெண், "சார், இப்ப வாயும் அசையல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது, அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை. மாணவர்களின் முகமும் குரலும் எனக்குத் தெளிவாகவே வந்துகொண்டிருந்தன. என் முகம்தான் அவர்களுக்கு உறைந்து போயிற்று. அவர்கள் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வாரம் அவர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் செய்த தவறு, இணைய நிறுவனத்தோடு சண்டைக்குப் போனது. ஊழியர் வந்தார். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகத்தைச் சோதித்தார். கட்டிய பணத்துக்குரிய 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகம், அப்படியே வந்தது. "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் சொன்னது சரி. அவரும் என் அறைக்கு வந்து பார்க்கவில்லை, நானும் கூப்பிட்டுப் போய்க் காட்டவில்லை. அந்தப் பத்தடி நடையை நாங்கள் இருவரும் நடந்திருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். அவர் போனதும் கோபத்தில் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். ஒரு வருடத்துக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். மறுநாள் மாலை வகுப்பில் மறுபடியும் சிலையாக உட்கார்ந்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வீடியோ அழைப்புக்கு ஆளுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 100 போதவில்லை என்று 300க்குப் போவது, குடத்தில் ஓட்டை இருக்கும்போது பெரிய கிணறு தோண்டுவது போலத்தான். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைன் ஒன்று, வீட்டுக்குள் ரவுட்டரிலிருந்து, அதாவது அந்த லைனை வாங்கி வைஃபையாக வீசும் பெட்டியிலிருந்து, உங்கள் மேசைக்கு வரும் வைஃபை இன்னொன்று. இரண்டில் எது சொதப்புகிறது என்று தெரியாமல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை. மடிக்கணினியை ஒரு கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தைப் பாருங்கள், அதுதான் லைனின் நிஜமான வேகம். பிறகு சிக்கலான அறைக்குப் போய், வைஃபையில் ரவுட்டரின் முகவரிக்கே பிங் கொடுங்கள், அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலேயே போட்டிருக்கும். இந்தப் பிங் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கூடத்தில் எனக்கு 2, 3 மில்லிசெகண்டில் பதில் வந்தது. என் அறையில் 40, 310, 900, அப்புறம் பதிலே இல்லை, மறுபடி 65. வீட்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால் வெளியில் இருக்கும் நிறுவனம் என்ன செய்யும்?

ஆனால் இந்த ஞானம் வந்தது நான்காவது மாதத்தில். அதற்கு முன் இன்னும் இரண்டு பொருள்களை வாங்கித் தொலைத்தேன்.

ஒன்று, எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர். பெட்டியைத் திறந்தபோது கவிழ்த்துப் போட்ட சிலந்தி மாதிரி இருந்தது. பழைய ரவுட்டர் இருந்த அதே இடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே மர அலமாரிக்குள் கதவை மூடி வைத்தேன். பார்க்க அசிங்கமாக வெளியே தெரியக் கூடாதாம். அறையில் சிக்னல் ஒரு கோடு கூடியது போலத் தெரிந்தது, வகுப்போ பழையபடியே நடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ரவுட்டர் எவ்வளவு பலமாக அலை வீசலாம் என்பதற்கு பெரும்பாலான நாடுகளில் சட்ட வரம்பு இருக்கிறது. ஆன்டெனா எட்டாகிவிட்டதால் அந்த வரம்பு எட்டு மடங்காகிவிடாது. அதைவிட முக்கியம், வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் ஒலிபெருக்கியில் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனும் மடிக்கணினியும் சின்னக் குரலில்தான் பதில் சொல்ல முடியும், அவற்றின் ஒலிபரப்பு பலம் அவ்வளவுதான். ரவுட்டர் சொல்வது நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது அதற்குக் கேட்பதில்லை. மாணவர்கள் எனக்குத் தெரிந்ததும் நான் அவர்களுக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான். சிக்னல் கோடு ரவுட்டரின் குரலை மட்டுமே காட்டும், உங்கள் குரல் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டாது.

இரண்டாவது, சுவரில் செருகும் ரிப்பீட்டர், ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி வீசும் சின்னக் கருவி. சிக்னல் இல்லாத அறையில்தானே சிக்னல் வேண்டும் என்று என் மேசைக்குப் பக்கத்திலேயே செருகினேன். போனில் எல்லாக் கோடும் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அன்று மாலை மாணவர்களிடம் "இனிமேல் பிரச்சினையே இருக்காது" என்று பெருமையாக அறிவித்தேன். பத்தாவது நிமிடம் வகுப்பு அறுந்தது. நிறைந்த கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள ஓரடித் தூரத்துக்கு. ரிப்பீட்டருக்கே ரவுட்டர் சரியாகக் கேட்கவில்லை என்பதை எந்தக் கோடும் சொல்லவில்லை. காது கேளாதவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. ரிப்பீட்டரை வைக்க வேண்டிய இடம் பாதி வழி. அதற்கே நல்ல சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் எதுவோ அங்கே. அப்படி நடைவழிக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் தேறியது. ஆனாலும் மலிவான ரிப்பீட்டர்களில் ஒரே ரேடியோதான் இருக்கும். ரவுட்டரிடம் வாங்குவதும் உங்களிடம் கொடுப்பதும் அதே ரேடியோ, மாற்றி மாற்றித்தான் செய்யும். ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். திரைப்படம் பார்க்க அது போதும், ஏனென்றால் திரைப்படம் முன்கூட்டியே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு ஓடும். நேரடிப் பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

அந்தச் சமயத்தில் மூளை என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம். யாரோ சொன்னார்கள் என்று ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாளை வளைத்து வைத்துக்கூடப் பார்த்தேன். உலோகம் அலையைத் திருப்பும் என்பது உண்மைதான். ஒரு பக்கம் கொஞ்சம் கூடி, மறுபக்கம் படுக்கையறையில் போய்விட்டது. மனைவி தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

திருப்பம் ஒரு தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. கடைசிக் கேள்வி நேரம், பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள், மூன்று முறை அறுந்துவிட்டது. ஆத்திரத்தில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி, தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஒரு தடங்கல்கூட இல்லை. வகுப்பு முடிந்ததும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து என் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் நன்றாக இருக்கிறது. இத்தனை நாளும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நடுவில் இருப்பது இரண்டு சுவரும் நடைவழியில் நிற்கும் இரும்பு அலமாரியும், அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடியும். கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பதும் உலோகம்தான். அலை போகும் வழியில் நானே ஒரு கேடயத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்றிரவு அளக்க ஆரம்பித்தேன். சிக்னல் கோடுகளை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகப் போடும். சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற அளவைப் பாருங்கள், வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் காட்டும். அது மைனஸ் எண்ணில் இருக்கும், பூச்சியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 70ஐத் தாண்டினால் திண்டாட்டம், 80ஐத் தாண்டினால் இருப்பதும் இல்லாததும் ஒன்று. இதில் 3 இறங்கினால் பலம் பாதியாகிறது, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் 70க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. என் மேசையில் மைனஸ் 79. ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து அறைக்கு அறை எண்ணைக் குறித்தேன். அந்தத் தாள்தான் இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

அடுத்த நாள் காசில்லாத வேலைகளை முதலில் செய்தேன். ரவுட்டரை மர அலமாரியிலிருந்து வெளியே எடுத்துத் தலை உயரத்தில் ஒரு தட்டில் வைத்தேன். மேசையில் மைனஸ் 74. இரும்பு அலமாரியை நடைவழியின் மறுபக்கச் சுவருக்குத் தள்ளினோம். மைனஸ் 69. இவ்வளவுதான், ஒரு மதியப் பொழுது. எட்டு ஆன்டெனாவால் ஆகாதது அலமாரியைத் தள்ளியதில் ஆயிற்று. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதையும் கவனியுங்கள், தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். ஆன்டெனாவைப் பற்றி ஒரு சொல்: நீட்டிய குச்சியின் நுனியிலிருந்து அலை பாய்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். குச்சியின் பக்கவாட்டில், சுற்றிலும் வளையமாகத்தான் பரவும், நுனித் திசையில்தான் குறைவு. ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைச் சாய்த்துப் பாருங்கள்.

பகலில் நன்றாக ஓடியது. மாலையில் மறுபடி இழுத்தது. இது தனிக் கதை. இப்போது வரும் ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் வந்தால் சோர்ந்துவிடும். என் அறைக்கு 5 எட்டவே இல்லை, 2.4தான் கதி. அந்த 2.4ஐச் சேனல்கள் என்ற தடங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றையொன்று தொடாதவை மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. செயலியில் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபைகள் பதினான்கு வரிசையாக நிற்கின்றன, பாதிக்கு மேல் 6இல். மாலையானால் எல்லோரும் வீடு திரும்பி அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் புத்திசாலித்தனமாக, யாருமே இல்லாத 4ஐத் தேர்ந்தெடுத்தேன். முன்பைவிட மோசமாயிற்று. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி மட்டும் மேலே ஏறி நிற்கும் சேனலிலிருந்து வருவது பேச்சாகப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். 4இல் நின்றால் 1இன் இரைச்சலும் 6இன் இரைச்சலும் சேர்ந்து வரும். 11இல் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அங்கே போனேன். சேனலின் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்ததை 20 ஆகக் குறைத்தேன். நெரிசலான இடத்தில் கையை அகட்டி நடந்தால் யார் மீதாவது இடிக்கத்தானே செய்யும்.

அப்படியும் தினமும் ஏழரை மணி வாக்கில் சரியாக இரண்டு நிமிடம் அறுந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரம் அது. அந்த அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான், கொஞ்சம் கசிந்தாலும் மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடும். அப்புறம் இன்னொன்று, மடிக்கணினியில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதன் கேபிளும் 2.4இல் இரைச்சல் கிளப்பும். புளூடூத்தோ வைஃபையோ காரணமில்லாமல் திக்கினால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

மைனஸ் 69 என்பது விளிம்பில் நிற்பது. யாராவது நடைவழியில் நின்று பேசினாலே 73க்கு இறங்கிவிடும், மனித உடம்பிலும் தண்ணீர்தானே நிறைய. முதல் நாளே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். ரவுட்டரிலிருந்து என் அறைக்கு ஒரு கேபிள் இழுத்தேன். எப்போதோ தொலைபேசிக் கம்பிக்குப் போட்ட துளை சுவரில் அடைபடாமல் இருந்தது. கேட் 5இ என்ற வகைக் கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட்டை, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸைத் தாங்கும், அதைவிட விலை கூடியது வீட்டுக்குத் தேவையில்லை. முனையை நானே கிரிம்ப் செய்தேன், அதாவது கம்பிகளைப் பிளக்குக்குள் வைத்து அழுத்திப் பொருத்தினேன். வேகம் 94க்கு மேல் ஏறவில்லை. உள்ளே எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், நான்கு இருந்தால்கூட 100இல் ஓடிவிடும் என்பதால் தவறு வெளியே தெரிவதில்லை. வேகம் 94, 95இலேயே முட்டி நின்றால் கேபிளையோ, அதைச் செருகும் ஏதாவது ஒரு பழைய போர்ட்டையோ சந்தேகப்படுங்கள்.

அந்தக் கேபிளின் மறுமுனையில் பழைய ரவுட்டரைச் செருகினேன். செருகிய பத்து நிமிடத்தில் வீடு முழுக்க இணையம் போயிற்று. மனைவி அலுவலகக் கூட்டத்தின் நடுவில் இருந்தாள், அன்றைய உரையாடலை எழுதாமல் விடுகிறேன். நடந்தது இதுதான். இரண்டு ரவுட்டரின் முகவரியும் ஒன்றே, இரண்டும் வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி வழங்கத் தொடங்கிவிட்டன. ஒரு தெருவுக்கு இரண்டு தபால்காரர் போலக் குழப்பம். பழைய ரவுட்டரை மறுபயன்பாட்டுக்கு எடுப்பவர்கள், முதலில் மற்ற எதிலும் செருகாமல் தனியாக மடிக்கணினியோடு இணைத்து அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல மாற்றுங்கள், பிரதான ரவுட்டர் வேறு எண்வரிசையில் இருந்தால் அந்த வரிசையிலேயே பயன்படாத ஓர் எண்ணைக் கொடுங்கள். முகவரி வழங்கும் வேலையைச் செய்யும் டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு கேபிளை வெளி லைனுக்கான வான் போர்ட்டில் செருகாமல், வீட்டுச் சாதனங்களுக்கான லான் போர்ட்டில் செருகுங்கள். சில ரவுட்டர்களில் வைஃபை வீசும் வேலையை மட்டும் செய்ய ஆக்சஸ் பாயின்ட் முறை என்றே ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொட்டால் இவையெல்லாம் தானே அமைந்துவிடும். அப்படி இருந்தால் கேபிளை எதில் செருக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஆனால் வேறு வேறு சேனல் வைத்தேன். நடந்து போகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் முதலில் இணைந்த ரவுட்டரையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் போன்தான். கூடத்து ரவுட்டரின் ஒலிபரப்பு பலத்தை நடுத்தரத்துக்குக் குறைத்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. பலத்தைக் கூட்டத்தான் இத்தனை நாள் அலைந்தேன், கடைசியில் குறைத்ததில் நிம்மதி.

கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீடு என்றால் மெஷ் வாங்கலாம், பல பெட்டிகள் தங்களுக்குள் பேசி வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு அது. தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள, மூன்று அலைவரிசை வகையாகப் பாருங்கள். அதையும் பாதி வழியில்தான் வைக்க வேண்டும். ரிப்பீட்டருக்குச் சொன்ன அதே கணக்குதான். முடிந்தால் ஓசிக்கு ஒரு நாள் யாரிடமாவது வாங்கி வைத்து, எண்ணை அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

இப்போது என் மேசையில் 5 ஜிகாஹெர்ட்ஸில் மைனஸ் 44. ரவுட்டருக்குப் பிங் கொடுத்தால் 2 மில்லிசெகண்ட். கேபிளுக்குக் கொடுத்தது ரிப்பீட்டரின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ரிப்பீட்டர் மேசை இழுப்பறையில் தூங்குகிறது, பெரிய ரவுட்டர் கூடத்தில் எட்டுக் காலோடு நிற்கிறது. நின்றுபோன இரண்டு மாணவர்களில் ஒருவன் திரும்பி வந்தான், மற்றவள் வரவில்லை. 300 எம்பிபிஎஸ் திட்டம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நேற்று பார்த்தேன், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தியும் 40ஐத் தாண்டவில்லை.